புலிப் பாய்ச்சலும் ஒரு வெண்கலச் சிலையும்

போன மாசம் ஒரு ராத்திரி, ரெண்டு மணிக்கு போன் அடிச்சது. "சர்வர் படுத்துடுச்சு, உடனே லாகின் பண்ணுங்க." கண்ணைக் கசக்கிக்கிட்டு உட்கார்ந்தவன், காலையில ஆறு மணிக்குத்தான் நிமிர்ந்தேன். பொட்டி தட்டறவன் பொழப்புல இதெல்லாம் சகஜம். ஆனா காபி குடிக்கறப்போ ஒரு யோசனை. ஒரு கம்பெனியோட சர்வர் படுத்ததுக்கே இவ்வளவு கூத்துன்னா, ஒரு நாடே படுத்தா என்ன ஆகும்?

கற்பனை எல்லாம் வேணாம். 2007ல் இது கிட்டத்தட்ட நடந்தே இருக்கு. நாடு, எஸ்டோனியா.

ரஷ்யாவை ஒட்டி, பால்டிக் கடலோரம் இருக்கும் குட்டி தேசம். மக்கள் தொகை சுமார் 13 லட்சம்தான். சென்னையில் மூணுல ஒரு பங்குகூட இல்லை. 1991ல் சோவியத் பிடியிலிருந்து விடுபட்டபோது கையில் பெரிதாகக் காசு கிடையாது. ஆனால் ஒரு வசதி இருந்தது. கட்டிக்காக்க வேண்டிய பழைய கம்ப்யூட்டர் அமைப்பு எதுவும் இல்லை. பழைய கோடைத் தொடாமல் புதுசாக எழுதுவது எவ்வளவு சுகம் என்று நம்ம தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும் :-)

1996ல் 'புலிப் பாய்ச்சல்' என்ற பெயரில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். பள்ளிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் தருவது. இந்த யோசனைக்குப் பின்னால் முக்கியமாக ரெண்டு பேர். ஒருத்தர் டூமாஸ் ஹென்றிக் இல்வெஸ், அப்போது அமெரிக்காவில் எஸ்டோனியத் தூதர். இன்னொருத்தர் யாக் ஆவிக்சூ, அப்போதைய கல்வி அமைச்சர். இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருவாங்க.

அதுக்கப்புறம் நாடு நிஜமாவே பாய்ந்தது. 2000ல் வருமான வரிக் கணக்கு இணையத்துக்கு வந்தது. 2001ல் 'எக்ஸ் ரோடு' வந்தது. எல்லாத் தகவலையும் ஒரே பெரிய கிடங்கில் கொட்டாமல், அந்தந்தத் துறை தன்னிடமே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மறையாக்கம் செய்து பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு. 2002ல் சிப் வைத்த அடையாள அட்டை. 2005 உள்ளாட்சித் தேர்தலில் இணைய வாக்கு. 2007 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தலிலேயே இணைய வாக்கு, உலகத்தில் முதல் தடவையாக!

வியாபாரத்திலும் அப்படித்தான். 2003ல் வந்த ஸ்கைப்பை ஆரம்பித்தவர்கள் ஒரு ஸ்வீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும். ஆனால் நிரல் எழுதியது தலைநகர் டாலினில் உட்கார்ந்திருந்த எஸ்டோனியப் பசங்கள். 2005ல் 260 கோடி டாலருக்கு ஈபே அதை வாங்கியது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகத்தை ஸ்கைப்பில் பார்த்து அழுத அம்மாக்கள் நம்ம ஊரில் எத்தனை பேர்! அந்த ஸ்கைப்பும் 2025 மே மாதம் மூடப்பட்டது தனிக் கதை.

இப்போ சிலைக்கு வருவோம்.

டாலின் நகர மையத்தில் ஒரு வெண்கலச் சிப்பாய் சிலை. 1947ல் சோவியத் அரசு வைத்தது. அங்கே வாழும் ரஷ்யர்களுக்கு அது நாஜிகளை வென்றதன் நினைவு. எஸ்டோனியர்களுக்கோ அது ஆக்கிரமிப்பின் அடையாளம். சிலையை ராணுவக் கல்லறைக்கு மாற்ற அரசு முடிவு செய்ய, 2007 ஏப்ரல் 26 ராத்திரி கலவரம் வெடித்தது. ஒரு இளைஞர் உயிரே போனது.

தெருவில் கலவரம் அடங்குவதற்கு முன்பே கம்பிக்குள்ளும் ஆரம்பித்தது. அரசுத் தளங்கள், நாடாளுமன்றத்தின் மின்னஞ்சல், போஸ்டிமீஸ் நாளிதழ் என்று ஒவ்வொன்றாகத் திணறின. உள்ளே புகுந்து திருடும் தாக்குதல் இல்லை இது. உலகம் பூரா வைரஸ் பிடித்த ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை, சொந்தக்காரர்களுக்கே தெரியாமல், ஒரே முகவரியைத் தட்ட வைப்பது. தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெருவில் ஒரே கடை வாசலில் எல்லாக் கூட்டமும் நின்றால் எப்படி இருக்கும், அப்படி. அதுவும் யாரும் எதுவும் வாங்கப் போவதில்லை!

மே மாதம் பெரிய வங்கியான ஹன்சாபாங்கின் இணையச் சேவை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றது. கிளைக்குப் போகிற பழக்கமே விட்டுப்போன நாட்டில் அது சின்ன விஷயமில்லை. கடைசியில் பலர் கையில் எடுத்த வைத்தியம், வெளிநாட்டுப் போக்குவரத்தையே வெட்டி விடுவது. உள்ளூர்க்காரர்களுக்குத் தளம் திறந்தது. ஆனால் தன் பக்கத்து நியாயத்தை உலகத்துக்குச் சொல்ல வேண்டிய நேரத்தில் நாடு தன் வாயைத் தானே பொத்திக்கொள்ள வேண்டி வந்தது. மூணு வாரம் இந்தக் கூத்து.

யார் செய்தது? விரல்கள் ரஷ்யா பக்கம் நீண்டன, ரஷ்ய அரசு மறுத்தது. 2008ல் உள்ளூர் மாணவர் ஒருவருக்கு அபராதம், அவ்வளவுதான். குண்டு போட்டால் விமானத்தில் கொடி தெரியும், இதில் தெரியாது.

அந்த ரெண்டு பேர் ஞாபகம் இருக்கா? 2007ல் இல்வெஸ்தான் நாட்டின் அதிபர். ஆவிக்சூ பாதுகாப்பு அமைச்சர், பதவியேற்று ஒரு மாசம்கூட ஆகலை. பதினோரு வருஷம் முன்னாடி கதவைத் திறந்தவர்களே, அந்தக் கதவுக்குக் காவல் நிற்க வேண்டி வந்தது. இந்த வரலாற்றில் என்னை உலுக்கியது இந்த இடம்தான்.

அவர்கள் கதவை மூடவில்லை. 2008ல் நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் டாலினிலேயே வந்தது. 2017ல், அரசுத் தகவல்களின் நகலை லக்சம்பர்க்கில் வைக்கும் 'தகவல் தூதரக' ஒப்பந்தம் போட்டார்கள்.

அதே 2017ல் இன்னொரு சோதனை. அடையாள அட்டையின் சிப்பில் ரகசியச் சாவி உருவாகும் விதத்தில் ஓட்டை இருப்பதாகச் செக் நாட்டு ஆய்வாளர்கள் சொன்னார்கள். சுமார் ஏழரை லட்சம் அட்டைகள்! அடுத்த மாதமே உள்ளாட்சித் தேர்தல். நம்ம தொழிலில் இந்த மாதிரி நேரத்தில் முதலில் வரும் யோசனை என்ன? "ரிலீஸ் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்." அரசு அப்படிச் செய்யவில்லை. தகவல் வந்த சில நாட்களிலேயே, செப்டம்பர் 5 அன்று, மக்களிடம் போட்டு உடைத்தது. நவம்பரில் பழைய சான்றிதழ்களை முடக்கி, இணையம் வழியாகவே புதுப்பிக்க வைத்தது.

விளைவு? 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் இணையத்தில் விழுந்தன.

உடையாத சிஸ்டம்னு ஒண்ணு கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பழகினவனுக்கு இது நல்லாவே தெரியும். உடையறப்போ யார்கிட்ட, எவ்வளவு சீக்கிரம் உண்மையைச் சொல்றோம்கறதுலதான் நம்பிக்கை நிக்குது. அன்னிக்குக் காலையில நான் எழுதின அறிக்கையில "சிறு தொழில்நுட்பக் கோளாறு"ன்னு போட்டிருந்தேன். சிறுசெல்லாம் இல்லை, கோளாறு நான் எழுதின நிரல்ல இருந்துச்சு. இதைப் படிச்சதுக்கப்புறம் அந்த வரியைத் திருத்தி அனுப்பினேன். திட்டு விழுந்துச்சு, ஆனா ராத்திரி தூக்கம் வந்துச்சு :-)