நான்காவது கால்

1980-ம் வருடம். கனடாவின் நெடுஞ்சாலைகளில் ஓர் இளைஞர், ஒரு காலோடும் ஒரு செயற்கைக் காலோடும் தினமும் கிட்டத்தட்ட ஒரு மாரத்தான் தூரம் ஓடிக்கொண்டிருந்தார். பெயர் டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோய்க்காக 1977-ல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 18! 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். அதற்குள் நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. 1981-ல் காலமானார்.

'காலை விட்டுவிட்டு, கட்டியை மட்டும் எடுக்க முடியாதா?' என்று எத்தனை பெற்றோர் டாக்டரிடம் கெஞ்சியிருப்பார்கள்! அந்தக் கேள்விக்கு விடை தேட உதவியவர்களில் சிலருக்கு வால் உண்டு. ஆமாம், நாய்கள்!

ஆஸ்டியோசர்கோமா எனும் இந்த நோய் கிரேட் டேன், ராட்வைலர் மாதிரி பெரிய நாய்களுக்கு சர்வசாதாரணமாக வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிறுவனுடையதும் நாயினுடையதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் வித்ரோ என்ற கால்நடை டாக்டரும் அவரது குழுவினரும் 1980-களில் களத்தில் இறங்கினார்கள். முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே கட்டி. அந்த எலும்புத் துண்டை வெட்டி எடுத்து, இறந்துபோன வேறொரு நாயின் எலும்பை அங்கே வைத்து, உலோகத் தகடும் ஸ்க்ரூவும் போட்டு முடுக்கினார்கள். கூடவே கீமோதெரபி. மணிக்கட்டு மடங்காது. ஆனால், நாய் நாலு காலில் நடந்தது! அங்கே கற்ற பாடம் குழந்தைகளின் சிகிச்சைக்கும் போய்ச் சேர்ந்தது.

சிக்கலும் இருந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் அடிக்கடி சீழ் பிடித்தது. ஆனால் 2005-ல் வெளியான ஓர் ஆய்வு டாக்டர்களையே திகைக்க வைத்தது. சீழ் பிடித்த நாய்கள்தான் அதிக நாள் வாழ்ந்தனவாம்! கிருமியோடு போராடக் கிளம்பிய உடம்பு, புற்றுநோயையும் ஒரு கை பார்த்திருக்கலாம் என்கிறார்கள்.

பி.காம். படித்தவன் நான். பற்று வரவு பார்க்காமல் இருக்க முடியாது. காலைக் காப்பாற்றினாலும் எடுத்தாலும், நாயின் ஆயுள் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலான நாய்கள் மூன்று காலிலேயே சந்தோஷமாக ஓடும். கண்ணாடியில் பார்த்து அழாது. அப்படியென்றால் அந்த நான்காவது கால் யாருக்கு அதிகம் தேவைப்பட்டது?

நமக்குத்தான். வரவு நம் கணக்கில். கடனை எழுத மட்டும் மறந்துவிட்டோம்.