ஆறு மணி நேர அமானிதம்

நம் உடல் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அதன் ஓர் உறுப்பை, வாய்விட்டுச் சொல்லக் கூசியதனால் மட்டுமே இழந்துவிடும் சிறுவர்கள் இன்றும் உள்ளனர். விரை முறுக்கம் எனும் அந்நோயின் வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியம்.

விரை, இரத்தக் குழாய்கள் அடங்கிய ஒரு நாணில் தொங்குகிறது. சிலருக்கு அதன் பிடிப்பு பிறவியிலேயே தளர்ந்திருக்கும். அந்நாண் திடீரென முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைப்படும். 12 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளிடமே இது மிகுதி. கடும் வலியும் வீக்கமும் வாந்தியும் தோன்றும். சிலருக்கு அடிவயிறு மட்டுமே வலிக்கும்.

1840-இல் டெலாசியோவ் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இந்நோயைப் பதிவு செய்தார். அக்காலத்தில் இதனைக் குடலிறக்கம் என மயங்குவதும், கெட்டுப்போன விரையை வெட்டி அகற்றுவதும் வழக்கமாயிருந்தன. 1893-இல் நாஷ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், கத்தியின்றித் தம் கையாலேயே முறுக்கை அவிழ்த்து நோயாளி உடனே நலமடைந்ததை ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார். புத்தகத்தைத் திறப்பதுபோல விரையை வெளிப்புறமாகத் திருப்பும் அம்முறை இன்றும் அவசர முதலுதவியாக மருத்துவர்களிடம் வழங்குகிறது.

எனினும் அது வீட்டில் செய்யும் வைத்தியமன்று. மூன்றில் ஒருவருக்கு முறுக்கு எதிர்த்திசையில் அமைந்திருப்பதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தவறாகத் திருப்பினால் முறுக்கு இறுகும். கையால் அவிழ்த்த பின்னரும் அறுவை சிகிச்சை செய்து இரு விரைகளையும் தைத்து நிலைநிறுத்த வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கு அவிழ்ந்தால் பெரும்பாலும் விரை பிழைக்கும். ஒரு நாள் கடந்தால் பிழைப்பது அரிது.

ஹயா ஈமானின் அங்கம். நோயை மறைப்பது ஹயா அன்று. குர்துபாவின் அல்-ஸஹ்ராவி, ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியில் கத்னா முதல் விரை நோய்கள் வரை தயக்கமின்றி எழுதினார். நிர்ப்பந்த நிலையில் தேவையான அளவுக்கு மருத்துவர் அவ்ரத்தைப் பார்க்க ஃபிக்ஹ் அனுமதிக்கிறது.

செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லவே ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். ஆகவே விடியட்டும் எனக் காத்திராமல் உடனே 108-ஐ அழைப்போம். மறைவிடத்தில் வலித்தால் தயங்காமல் சொல்ல வேண்டும் என்பதை, தஹாரத் பாடம் கற்பிக்கும்போதே நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.