டைம் ரிமெம்பர்ட்

‘டைம் ரிமெம்பர்ட்: ஜான் மெக்லாஃப்ளின் பிளேஸ் பில் எவன்ஸ்’ என்பது, அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞரும் இசையமைப்பாளருமான பில் எவன்ஸுக்கு (1929–1980) அஞ்சலியாக ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின் உருவாக்கிய இசைத்தொகுப்பு. 1993-இல் இத்தாலியின் மிலான் நகரில் பதிவாகி, வெர்வ் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

பின்னணி

இருவருமே ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸிடம் வாசித்தவர்கள். அவருடைய இசைத்தொகுப்புகளில், எவன்ஸ் 1959-இல் ‘கைண்ட் ஆஃப் புளூ’விலும், மெக்லாஃப்ளின் பத்தாண்டு கழித்து ‘இன் எ சைலன்ட் வே’, ‘பிட்சஸ் புரூ’ ஆகியவற்றிலும் பங்கேற்றனர். எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் நடத்திய ‘சக்தி’ குழுவால் மெக்லாஃப்ளின் தமிழ் ரசிகர்களுக்கும் அறிமுகமானவர்.

எவன்ஸ்மீது அவருக்கிருந்த ஈடுபாடு நெடுநாளையது. 1971-இல் வெளியான ‘மை கோல்ஸ் பியாண்ட்’ தொகுப்பிலேயே சிக் கொரியாவின் ‘வால்ட்ஸ் ஃபார் பில் எவன்ஸ்’ என்ற படைப்பை வாசித்தார். எவன்ஸ் மறைந்த மறுஆண்டு, ‘பெலோ ஹொரிசோன்டே’ தொகுப்பில் அவருடைய ‘வெரி எர்லி’யை அஞ்சலியாகச் சேர்த்தார். முழுத்தொகுப்பு வர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அமைப்பு

இதில் பியானோவும் இல்லை, டிரம்ஸும் இல்லை. மெக்லாஃப்ளினுடன் நால்வர் கொண்ட ஐகெட்டா கிட்டார் குழுவும், பேஸ் கிட்டாரில் யான் மாரேஸும் வாசித்தனர். எவன்ஸ் தம் இடக்கையில் ஆதார சுரத்தைப் பெரும்பாலும் பேஸ் கலைஞரிடம் விட்டுவிட்டு, அடுத்தடுத்த சுரங்களை நெருக்கமாக ஒலிக்கவிடுவார். கிட்டாரில் ஒரு தந்திக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். அத்தகைய நெருக்கத்துக்கு விரல்கள் எளிதில் எட்டா. அந்தச் சுரங்களைப் பல கிட்டார்களுக்குப் பங்கிட்டுத் தந்தது மெக்லாஃப்ளினின் தீர்வு.

தொகுப்பில் உள்ள பாடல்களில் சில, எவன்ஸ் தம் உறவினருக்காக எழுதியவை. ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ அண்ணன் மகளுக்கு. ‘டர்ன் அவுட் த ஸ்டார்ஸ்’ 1966-இல் மறைந்த தந்தையின் நினைவாக. ‘வீ வில் மீட் அகெய்ன்’ அண்ணன் ஹாரிக்கு.

மதிப்பீடு

எவன்ஸின் மூவர் குழுவில் பியானோவும் பேஸும் டிரம்ஸும் சரிசமமாகப் பேசிக்கொள்ளும். இங்கே நால்வர் குழு பெரும்பாலும் எழுதிவைத்த பகுதிகளையே வாசிப்பதால், மனோதர்மம் மெக்லாஃப்ளினின் பொறுப்பாகிவிடுகிறது. அந்த உரையாடலை எதிர்பார்ப்பவருக்கு இது குறையே. ஆனால் பியானோவை நீக்கியபின்னும் பாடல்கள் தம் வடிவம் கெடாமல் நிற்கின்றன. வாசிப்புக்காகவே பெரிதும் புகழப்பட்ட எவன்ஸை இசையமைப்பாளராக எடுத்துக்காட்டியதே இத்தொகுப்பின் முதன்மையான சாதனை.