பெயரிடுமுன் பொருள் காண்க

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரின் பொருள் யாது என்று நம் மாலைப்பள்ளி மாணவரைக் கேட்டால், பெரும்பாலோர் விழிப்பர். திந்திரிணி என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். திந்திரிணி வனமே திண்டிவனம் என்று மருவியது என்பர், அதாவது புளியங்காடு. ஆனால் அந்நகரின் ஒரு பகுதியாக இன்று கிடங்கல் என்று வழங்கும் இடம், சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் என்னும் பழைய ஊர். பழம்பெயர் நகரின் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட, பின்வந்த பெயர் புகைவண்டி நிலையத்தில் ஏறி நிற்கின்றது. ஊர்ப்பெயரின் நிலையே இதுவாயின், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களின் பெயர்கள் என்ன பாடு பட்டிருக்கும்? வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் நம் சங்கத்தின் பழைய சேர்க்கை ஏடுகளைப் புரட்டியபோது இவ்வினாவே நம் நெஞ்சில் எழுந்தது.

அவ்வேடுகளில் தந்தையர் பெயர் எழுதிய பத்தியில் குப்பன், பாவாடை, மண்ணாங்கட்டி, பிச்சை என்னும் பெயர்கள் நிறைந்துள்ளன. அண்மை ஆண்டுகளின் ஏடுகளிலோ, பிள்ளைகளின் பெயர்கள் ஜகரமும் ஷகரமும் கலந்து, பெற்றோரே பொருள் சொல்ல இயலாதனவாக உள்ளன. தந்தை பெயரை உரக்கச் சொல் என்று கேட்டபோது தலைகுனிந்து நின்ற ஒரு சிறுவனை நாம் அறிவோம். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடவேண்டும் என்று கணவன் விரும்ப, அது நம்மை இன்னாரென்று காட்டிக்கொடுக்குமே என்று அழுத தாயையும் அறிவோம். ஆதலின் பெயரைப் பற்றிய வரலாற்றைச் சிறிது ஆராய்தல் நம் கடமையாகின்றது.

இகழ்ச்சிக்கென்று ஒரு விதி

மனுதரும நூலின் இரண்டாம் அத்தியாயம் பெயரிடும் முறையை வகுக்கின்றது. முதல் வருணத்தாருக்கு மங்கலமும், இரண்டாமவருக்கு வலிமையும், மூன்றாமவருக்குச் செல்வமும், நான்காமவருக்கு இகழ்ச்சியும் தோன்றப் பெயரிடவேண்டும் என்பது அவ்விதி. நான்காமவருக்கே இகழ்ச்சி என்றால், அந்த நால்வரிசைக்குள்ளும் வைத்து எண்ணப்படாத நமக்கு என்ன வாய்த்திருக்கும் என்று சொல்லவேண்டுவதில்லை.

அவ்விதியைப் படித்தறியாத சிற்றூர்களிலும் அதன் சாரம் நடைமுறையில் இருந்தது. பெற்றோர் முனுசாமி என்று பெயரிடுவர். நிலக்கிழார் முனியன் என்று அழைப்பார். கோவிந்தசாமி கோவிந்தனாவான். சேரியில் பிறந்தவனைச் சாமி என்று விளிக்க மேல்தெருவின் நாக்கு எழாது என்று நம் முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். கணக்கெழுதுவோர் அழைக்கப்பட்ட பெயரையே ஏட்டில் ஏற்றினர். இட்ட பெயர் வீட்டோடு நின்றது. குறைத்த பெயரே பட்டாவிலும் பள்ளியிலும் நிலைபெற்றது.

குப்பையில் இட்ட குழந்தை

ஆயினும் இழிவாகத் தோன்றும் பெயரெல்லாம் பிறர் சுமத்தியவை என்று முடிவுகட்டுதல் பிழை. குப்பன், குப்பம்மாள் என்னும் பெயர்களை எடுத்துக்கொள்வோம். முன்பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து மாண்டுபோன வீட்டில், புதிதாய்ப் பிறந்த மகவைக் குப்பைமேட்டில் கிடத்திப் புரட்டி எடுப்பர். வேறொரு பெண் கையளவு தவிடு கொடுத்து அதனை விலைக்கு வாங்குவாள். பின் தாயிடமே வளர்க்கத் தருவாள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று கூற்றுவன் ஏமாந்து போவான் என்பது நம்பிக்கை. பிச்சை, பிச்சையம்மாள் என்னும் பெயர்களும் இவ்வாறு வந்தனவே.

இவ்வழக்கம் நம்மவரிடம் மட்டும் இருந்ததன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராய் விளங்கிய அறிஞர் ஒருவரின் பெயர் குப்புசாமி சாஸ்திரி. அப்பெயரைக் கேட்டு எவரும் நகைத்ததில்லை. மேல்தெருவில் மதிப்புற்ற அதே பெயர், சேரியில் வாலறுந்து குப்பனாகியபோதுதான் நகைப்புக்குரியதாயிற்று. ஆக, இழிவு பெயரில் இல்லை. அழைத்தவர் வாயில் இருந்தது.

குழந்தைச் சாவும் தாய்ச் சாவும் அக்காலத்தில் எத்துணை மலிந்திருந்தன என்பதற்குத் திண்டிவனமே சான்று. 1890ஆம் ஆண்டளவில், அங்கு மருத்துவப் பணி புரிந்த தந்தையாரின் இல்லத்தில் தங்கியிருந்தார் ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண். ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகாலத்தில் துன்புறும் தம் மனைவியரைக் காக்க வேண்டினர். ஆண் மருத்துவர் வருவதற்கோ அவர்தம் வழக்கம் இடந்தரவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்டிரும் மாண்டனர். அதனால் உள்ளம் கலங்கிய ஐடா, அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். வேலூர் மருத்துவமனை அவரால் தோன்றியது. வசதியுள்ள வீடுகளிலேயே இந்நிலை என்றால், மருத்துவர் எட்டிப்பாராத சேரிகளில் தாய்மார் வேறென்ன செய்வர்? தம் கையில் இருந்த ஒரே மருந்தாகிய பெயரை இட்டனர். குப்பம்மாள் என்பது ஒரு தாய் தன் மகளை உயிரோடு வைத்துக்கொள்ள எடுத்த முயற்சியின் பெயர்.

பாவாடையும் மன்னாரும்

பாவாடை என்னும் பெயரும் இவ்வாறே நகைப்புக்கு ஆளானது. மேல்மலையனூர் அங்காளம்மன் திருக்கோயிலில் வணங்கப்படும் பாவாடைராயனின் பெயரே நம் முன்னோர் இட்ட பாவாடை. அச்சொல்லின் பழம்பொருளும் அறியத்தக்கது. பெருமக்கள் நடந்துவர நிலத்தில் பரப்பும் துணியே பாவாடை. பாவுதல் என்றால் பரப்புதல். பச்சையம்மன் கோயில்களில் உடனுறையும் மன்னார்சாமியின் பெயர், பேச்சில் மண்ணாரு எனத் திரிந்தது. செஞ்சியை நடுவாகக் கொண்டு பரவிய திரௌபதியம்மன் வழிபாட்டால், தருமன், அருச்சுனன், திரௌபதி என்னும் பெயர்கள் பாரதக்கூத்து நடக்கும் சிற்றூர்களில் எல்லாம் வழங்குகின்றன. இவற்றுள் வெட்கப்பட என்ன இருக்கின்றது?

மூன்று பெயர் பெற்றவர்

பெயர் மாற்றத்தின் வரலாற்றில் இருவரை நாம் மறத்தலாகாது. 1845இல் பிறந்த அயோத்திதாசப் பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே அவர் தம் பெயராக ஏற்றார். அது நாணத்தால் நேர்ந்த மாற்றமன்று, நன்றியால் நேர்ந்தது. 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில், சொற்களின் பொருளைத் தோண்டி ஆராய்வதையே ஒரு போர்முறையாகக் கொண்டார்.

மற்றவர் சுவாமி சகஜானந்தர். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890 சனவரி 27இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளியில் பயின்றபோது, அவர்தம் அறிவுக்கூர்மையை வியந்தோர் சிகாமணி என்று பெயரிட்டனர். முடியில் சூடும் மணி என்பது அதன் பொருள். எனினும் அவர் மதம் மாற இசையவில்லை. பின்னர்த் துறவு பூண்டு சகஜானந்தர் என்னும் பெயர் பெற்றார். பெற்றோர், பள்ளி, குரு என மூவரும் ஒவ்வொரு பெயர் அளித்தனர். தாம் பெயரிடும் வாய்ப்பு வந்தபோது அவர் என்ன செய்தார்? 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய கல்விக் கழகத்திற்கு நந்தனார் பெயரைச் சூட்டினார். அந்நந்தனாரைப் பெரியபுராணம் திருநாளைப்போவார் என்கின்றது. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச்சொல்லியே நாள்கழித்ததால் வந்த பெயர் அது. தில்லைக்குள் புகத் தயங்கி நின்றவரின் பெயரால், அத்தில்லையிலேயே பள்ளி எழுந்தது.

சமுதாயத்தின் பெயர்

தனிமனிதர் பெயருக்கு நேர்ந்ததே சமுதாயத்தின் பெயருக்கும் நேர்ந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டு, இகழ்ச்சியாய் வழங்கியதை நிமிர்ந்து நின்று உரைத்தார். அயோத்திதாசரோ அப்பெயரையே ஏற்க மறுத்தார். எம். சி. ராஜா 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, அரசு ஏடுகளில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் இடம்பெற்றது. அரிசன் என்னும் பெயரைச் சட்டமாக்கியதை எதிர்த்து, 1938இல் அம்பேத்கரும் அவர்தம் கட்சியினரும் பம்பாய்ச் சட்டமன்றத்தினின்று வெளியேறினர். 2025 ஏப்பிரலில், காலனி என்னும் சொல் அரசு ஆவணங்களினின்று நீக்கப்படும் எனத் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம் முன்னோர் கேட்டது இதுவே: எம்மை எப்பெயரால் அழைப்பது என்பதை யாமே முடிவு செய்வோம்.

பெயர் அழிந்து எண்ணாகிப் போவதும் உண்டு. 1978 சூலையில் விழுப்புரத்தில் நம் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். அதனைக் குறிப்பிடுவோர் பன்னிருவர் என்று மட்டும் சொல்லிச் செல்கின்றனர். அப்பன்னிருவருள் ஒவ்வொருவருக்கும் தாய் இட்ட பெயர் ஒன்று இருந்தது என்பதை நம் பிள்ளைகள் நினைவில் கொள்ளவேண்டும்.

இனிப் பெயரிடுவோர்க்கு

பழம்பெயரையே இடுக என்று நாம் வற்புறுத்தவில்லை. இடுமுன் பொருள் காண்க என்பதே நம் வேண்டுகோள். அபர்ணா என்று பெயரிடுவோர், இலையும் உண்ணாது நோற்றவள் என்னும் அதன் பொருளை அறிந்து இடுக. சுனிதா என்று அழைப்போர், நன்னெறிப்பட்டவள் என்னும் பொருளோடு, குப்பை கூட்டும் தொழிலினின்று புத்தரின் சங்கத்தில் சேர்ந்த சுனீதரையும் மகளுக்குச் சொல்லுக. தொல். திருமாவளவன், இராமசாமி என்றிருந்த தம் தந்தையார் பெயரைத் தொல்காப்பியன் என மாற்றியதையும் நாம் அறிவோம். எண்கணிதக்காரர் சொற்கேட்டு எழுத்தைக் கூட்டிக் குறைப்பதைக் காட்டிலும், நூலகம் சென்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை ஒருமுறை புரட்டுதல் நன்று.

சட்டமும் இதற்குப் போதிய காலம் தருகின்றது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதியவேண்டும். பெயரையோ 12 மாதம் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை காலதாமதக் கட்டணம் செலுத்தியும் சேர்க்கலாம். ஆதலின் பதறவேண்டா. எனினும் 1.10.2023 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றிற்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரமாகும். அதில் ஓர் எழுத்துப் பிழையிருப்பினும் பின்னாளில் பிள்ளை அலைய நேரும். எழுதுவோர் எழுதியதை வாங்கிவரும் காலம் நம் பாட்டன் காலத்தோடு ஒழியட்டும். சான்றிதழைக் கையில் வாங்கியவுடன் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். படிக்க இயலாதோர் சங்கத்திற்கு வாருங்கள். நாம் படித்துச் சொல்வோம்.

தலைகுனிந்து நின்ற அச்சிறுவனுக்குப் பாவாடைராயனைப் பற்றியும், அச்சொல்லின் பொருளைப் பற்றியும் நாம் எடுத்துரைத்தோம். மறுநாள் அவன் தன் தந்தையின் பெயரைச் சிலேட்டில் தானே எழுதிவந்து காட்டினான். இருபத்தைந்து ஆண்டுப் பணியின் பயன் இதுவெனின், அது போதும்.