கொட்டியாற்றுக் கரையும் நேர்மாறு வர்க்க விதியும்

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் உயர்தரப் பௌதிகவியல் பயிலும் மாணவர், விண்மீனொன்றின் ஈர்ப்புப்புலச் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமமானது என்பதைத் தமிழிலேயே கற்கின்றனர். தூரம் இருமடங்காயின் செறிவு காற்பங்காகும். ஞாயிற்றிலிருந்து பூமியைவிட 5.2 மடங்கு தொலைவிலுள்ள வியாழனிடத்தே, ஞாயிற்றின் ஈர்ப்புப்புலம் பூமியிடத்துள்ளதில் 27இல் ஒரு பங்கே. 30 மடங்கு தொலைவிலுள்ள நெப்தியூனிடத்தே ஏறத்தாழ 900இல் ஒரு பங்கு. இவ்விதியின் வரலாறாக வழங்கிவருவதோ ஓர் ஆப்பிள் பழமும் தனித்திருந்த ஒரு மேதையும் பற்றிய கதையாகும். அக்கதையையே நாம் ஐயுறுகிறோம்.

1931இல் இலண்டனில் கூடிய இரண்டாவது அனைத்துலக அறிவியல் வரலாற்று மாநாட்டில், சோவியத் அறிஞர் போரிஸ் ஹெசன், நியூற்றனின் ‘பிரின்சிப்பியா’வுக்குரிய சமூக, பொருளாதார வேர்களை ஆராய்ந்தார். வாணிப முதலாளித்துவத்தின் கடற்பயணமும் சுரங்கத் தொழிலும் போர்த்தொழிலும் எழுப்பிய வினாக்களே அந்நூலின் பின்னணி என்றார். (1936இல் ஸ்டாலின் ஆட்சி அவரைச் சுட்டுக்கொன்றது என்பதை மார்க்சியராகிய நாம் மறைத்தல் தகாது.)

ஹெசன் குறிப்பிட்ட வாணிப உலகு நமது கிழக்குக் கரையையும் தொட்டது. கல்முனைக்கு வடக்கே, மூதூரை அண்டிய கொட்டியாற்றுக் குடாவுக்கு, 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலிற் சேதமுற்ற ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் பாய்மரம் திருத்த வந்தது. 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் சிறைப்பிடித்தனர். மகன் 19 ஆண்டுகளுக்குமேல் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, தப்பியோடி, 1680இல் இலண்டன் சேர்ந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது இலங்கை பற்றிய நூலுக்கு முன்னுரை வரைந்தவர் றோயல் சங்கத்தைச் சேர்ந்த றொபேட் ஹூக். 1680 சனவரியில் நியூற்றனுக்கு எழுதிய கடிதமொன்றில், ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும் என்னும் ஊகத்தை முன்வைத்தவரும் இதே ஹூக்தான்.

நொக்ஸுக்கும் ஈர்ப்பு விதிக்கும் தொடர்பு கற்பிப்பது நமது நோக்கமன்று. தொலைதூரத் தீவுகளின் செய்தியும் தொலைதூரக் கோள்களின் செய்தியும் ஒரே மேசையில் வந்து குவிந்தன என்பதே நாம் சுட்டுவது. ‘பிரின்சிப்பியா’வின் மூன்றாம் பாகத்தில் டொங்கின் துறைமுகத்துக் கடலேற்ற வற்றம் பற்றிய கப்பலோட்டிகளின் அவதானிப்புக்கு நியூற்றன் விளக்கம் கூறுகிறார். அக்கரையில் வாழ்ந்த கடற்றொழிலாளர் எவர் பெயரும் அங்கில்லை.

எனினும் வாணிபத் தேவை வினாவை விளக்கலாம். விடை ஏன் ‘வர்க்கம்’ என்பதை விளக்காது. ஹெசனைப் பின்பற்றுவோர் சிலர் இதனை மறந்துவிடுகின்றனர். ஒளி பரவுமாற்றை ஒப்பிட்டு 1645இலேயே புல்லியால்டஸ் இவ்விகிதத்தைக் கூறியிருந்தார். அத்தகைய விசை உண்டென்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. 1684இல், நிறுவுபவருக்கு 40 சிலிங் பெறுமதியான நூலொன்று தருவதாக ரென் கூறியபோது, நிறுவல் தம்மிடமுண்டு என்ற ஹூக் அதனைக் காட்டவேயில்லை. நீள்வட்டப் பாதைக்கும் இவ்விதிக்குமுள்ள தொடர்பைக் கேத்திரகணிதத்தால் நிறுவியவர் நியூற்றனே. ஹூக் தமது பங்கைக் கோரியபோது அவர் வெகுண்டார். 1687இல் வெளிவந்த நூலிலே ரென், ஹூக், ஹேலி மூவரையும் ஒரே குறிப்பிற் சேர்த்துச் சொல்லி, அவ்வளவில் நிறுத்திக்கொண்டார்.