படைப்பிரிவின் தலைமை கைமாறும்போது நடப்பது என்ன? புதிய அதிகாரியின் அதிகாரமும் கடமையும்

பெங்களூரு: ராணுவப் படைப்பிரிவு ஒன்றின் தலைமை மாறும்போது அணிவகுப்பும் கைகுலுக்கலும் மட்டுமே வெளியே தெரிகின்றன. ஆனால், அன்று கைமாறுவது நூற்றுக்கணக்கான வீரர்களின் பாதுகாப்பு, ஒழுங்கு, நலன் ஆகியவற்றுக்கான முழுப் பொறுப்பாகும்.

அல்சூரின் 'தம்பிகள்'

பெங்களூரு அல்சூர் ஏரிப் பகுதியில் அமைந்துள்ள 'மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்' மையம், இந்திய ராணுவத்தின் மூன்று பொறியாளர் படை மையங்களுள் ஒன்று. ரூர்க்கி, புணே ஆகிய இடங்களில் மற்ற இரண்டும் உள்ளன. 1780-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்படை, 1834-இல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது. தென்மாநில வீரர்களைக் கொண்ட இப்படையினருக்கு 'தம்பிகள்' என்பது செல்லப்பெயர். பிரிகேடியர் நிலையிலான அதிகாரி இம்மையத்துக்குத் தலைமை வகிக்கிறார். இங்கு பயிற்சி பெறும் வீரர்கள் செல்லும் பொறியாளர் ரெஜிமென்ட்டுகளுக்குக் கர்னல் நிலை அதிகாரி தலைமை தாங்குகிறார்.

பொறுப்பேற்பு நடைமுறை

பொறுப்பிலிருந்து விலகுபவரும் ஏற்பவரும் ஆயுதங்கள், வெடிபொருள்கள், தளவாடங்கள், நிதிக் கணக்குகள், ஆவணங்கள் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையொப்பமிடுகின்றனர். அதன்பின் எழும் குறைகளுக்குப் புதியவரே பதில் சொல்ல வேண்டும். 'சைனிக் சம்மேளன்' எனப்படும் கூட்டத்தில் அனைத்து வீரர்களையும் அவர் சந்திக்கிறார். வீரர்களின் மனநிலையை அவருக்கு எடுத்துரைக்கும் பாலமாக சுபேதார் மேஜர் விளங்குகிறார்.

சட்டம் தரும் அதிகாரம்

1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின்படி, படைப்பிரிவின் கட்டளை அதிகாரி தமக்குக் கீழுள்ள வீரர்களைச் சுருக்கமுறை ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கலாம். லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் இருப்பவர், ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும். குடிமைப் பணியில் எந்த மேலதிகாரிக்கும் இத்தகைய அதிகாரம் இல்லை.

இளம் அதிகாரியின் முதல் சோதனை

டேராடூன், சென்னை பயிற்சி மையங்களிலிருந்து வெளிவரும் இளம் லெப்டினன்ட்டுகள் முதலில் பிளட்டூன் எனும் சிறு அணிக்குத் தலைமை ஏற்கின்றனர். அவருக்குக் கீழுள்ள சுபேதாரின் பணி அனுபவமே சில வேளைகளில் அந்த அதிகாரியின் வயதை எட்டும். உத்தரவிடும் உரிமை அதிகாரிக்கு உண்டு. ஆயினும் அனுபவசாலியிடம் கேட்டறிவதும், வீரர்களின் மொழியைக் கற்பதும் அவரது தலைமையின் பகுதிகளாகும்.

பெண்களுக்கும் வாய்ப்பு

பெண் அதிகாரிகளுக்குக் கட்டளைப் பொறுப்புகளை ஒட்டுமொத்தமாக மறுப்பது ஏற்கத்தக்கதல்ல என உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17-இல் தீர்ப்பளித்தது. இதையடுத்து 2023-இல் பெண் அதிகாரிகள் கர்னல் நிலைக்கு உயர்த்தப்பட்டு, படைப்பிரிவுகளுக்குத் தலைமை ஏற்கத் தொடங்கினர்.

தன்னலம் கடைசி

நாட்டின் பாதுகாப்பு முதலில், வீரர்களின் நலன் அடுத்து, தன் நலன் இறுதியில் என்பதே டேராடூன் ராணுவ அகாடமி அதிகாரிகளுக்குக் கற்பிக்கும் நெறி. 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் பணியின்போது, உடனிருந்தோரைக் காக்க வெடியின் மீது பாய்ந்து உயிர்நீத்தார் மெட்ராஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன். மறைவுக்குப் பின் அவருக்கு 'ஜார்ஜ் கிராஸ்' விருது வழங்கப்பட்டது. பதவியில் அவர் உயரதிகாரி அல்லர் என்பதும், அந்த நெறியை இறுதிவரை கடைப்பிடித்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.