கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒரு பொம்மை விமானம்

ரேடியோ கன்ட்ரோல் விமானம் விடுறவங்ககிட்ட "இது எவ்ளோ தூரம் போகும்?"னு கேட்டுப் பாருங்க. முக்கால்வாசிப் பேர் ரேடியோவோட ரேஞ்சைச் சொல்லுவாங்க. என்னைக் கேட்டா, கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் போகும், அவ்ளோதான். ஒன்றரை மீட்டர் இறக்கை உள்ள ட்ரெயினர் அரை கிலோமீட்டர் தள்ளிப் போனா வெறும் கறுப்புப் புள்ளி. வருதா, போகுதா, எந்தப் பக்கம் சாயுதுன்னே புரியாது. தப்பான பக்கம் குச்சியைத் தள்ளினா கதை முடிஞ்சுது. உடைஞ்ச பால்சா கட்டையைப் பொறுக்கிக்கிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான் :)

இந்தக் கண் என்கிற எல்லையோட பல வருஷம் மல்லுக்கட்டின மேனார்ட் ஹில் என்கிற அமெரிக்கரைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

அவருக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை. 1937ல வால்ட்டர் குட், வில்லியம் குட்னு இரட்டைச் சகோதரர்கள் மிச்சிகன் மாநிலத்துல 'கஃப்' என்கிற விமானத்தை ரேடியோவால ஓட்டிக் காட்டினாங்க. அப்போ கண் ஒரு பிரச்சனையே இல்லை, ரேடியோவே தகராறு. வால்வு போட்ட ரிசீவர், கனமான பேட்டரி எல்லாத்தையும் சுமக்க 8 அடி இறக்கை தேவைப்பட்டுச்சு. அந்தக் காலத்து மாடல்கள்ல சுக்கானைத் திருப்பினது முறுக்கிவிட்ட ரப்பர் பேண்டுங்க! பட்டனை அமுக்கினா ஒரு மின்காந்தம் அந்த முறுக்கைக் கொஞ்சம் அவிழ்த்துவிடும், சுக்கான் வலது பக்கம் போகும். விட்டா நடுவுக்கு வரும். மறுபடி அமுக்கினா இடது பக்கம். கடைசியா எந்தப் பக்கம் திருப்பினோம்னு மறந்துட்டா அம்பேல். 1960கள்ல குச்சியை எவ்ளோ தள்ளுறோமோ அவ்ளோ திரும்புற முறை பரவின பிறகுதான் மனுஷன் நிம்மதியா விமானம் விட்டான்.

வால்ட்டர் குட் பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோட பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்துல வேலை பார்த்தார். 1926ல பிறந்த ஹில்லும் அங்கேதான் உலோகவியலாளர். பொழுதுபோக்கு, சாதனை முறியடிப்பது. 1970ல ஒரு மாடலை 8,200 மீட்டர் உயரத்துக்கு ஏத்தினார். ஏறக்குறைய எவரெஸ்ட் பக்கத்துல! வெறுங்கண்ணுக்கு அங்கே ஒண்ணும் தெரியாது.

தெரியலைன்னா விமானம் தானே நேராப் பறக்கணும். ஜைரோ அப்போ கனம், விலையும் அதிகம். அதுக்கு ஹில் பிடிச்ச வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நல்ல வானிலையில தரையிலிருந்து மேலே போகப் போக காற்றுல மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் மின்னழுத்தம் ஏறிக்கிட்டே போகும். ரெண்டு இறக்கை முனையிலும் ஒரு சென்சார். இறக்கை சாய்ஞ்சா ஒரு முனை உயரத்துல, இன்னொண்ணு தாழ்வுல. வோல்டேஜ் வித்தியாசம் வரும். வித்தியாசம் பூஜ்யமாகுற வரைக்கும் சுக்கானைத் திருப்பு, முடிஞ்சுது. பூமியோட மின்புலத்தையே ரசமட்டமா ஆக்கிட்டார் மனுஷன். இதை 1970கள்ல பறக்கவிட்டும் காட்டினார்.

அடுத்த இலக்கு அட்லாண்டிக் சமுத்திரம். ஆளில்லா விமானம் அதை முதல்ல தாண்டினது 1998ல, 'லைமா' என்கிற ஏரோசோண்ட். ஆனா அது ஒரு நிறுவனத்தோட வானிலை ஆய்வு விமானம், எடை சுமார் 13 கிலோ. மாடல் விமானச் சாதனைக்கு சர்வதேச விதி, எரிபொருளோட சேர்த்து 5 கிலோவுக்கு மேல போகக்கூடாது. ஹில்லோட விமானம் பால்சா, பிளாஸ்டிக் தாள், 6 அடி இறக்கை. காலி எடை மூணு கிலோவுக்கும் குறைவு, மிச்சமெல்லாம் எரிபொருள்.

எஞ்சின் நாம கடையில வாங்குற ஓ.எஸ். கம்பெனியோட 10 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்தான். ஆனா க்ளோ ப்ளக், மெத்தனால் எல்லாம் வெச்சு ஓட்டினா டேங்க் சீக்கிரம் காலி. அதனால ஸ்பார்க் ப்ளக்குக்கு மாத்தினார். முகாம் விளக்குக்கு ஊத்துற கோல்மன் எரிபொருள்ல கொஞ்சம் எண்ணெய் கலந்து ஊத்தினார். மணிக்கு ரெண்டு அவுன்ஸ் அளவுல ஓடுச்சு. கார்புரேட்டர் ஊசியைத் திருகித் திருகி ட்யூன் பண்ணினவங்களுக்குத் தெரியும், பத்து நிமிஷம் ஒரே சீரா ஓடவைக்கிறதே பெரிய பாடு. இது ரெண்டு ராத்திரி தாண்டி நிக்காம ஓடணும்.

இதுக்குள்ள ஹில்லுக்கு 77 வயசு. காது சரியாக் கேட்காது. சட்டப்படி பார்வையற்றவர் என்கிற அளவுக்குக் கண்ணும் போயிடுச்சு. நண்பர்கள் குழுவோட சேர்ந்துதான் வேலை. 2002ல அனுப்பினது எதுவும் அயர்லாந்து போய்ச் சேரலை. கடல்ல விழுந்ததுக்கு என்ன காரணம்னு எடுத்துப் பார்க்கக்கூட ஒண்ணும் மிஞ்சாது. லாக் ஃபைலே இல்லாம பக் தேடுற மாதிரி. 2003ல மறுபடி வந்தாங்க.

2003 ஆகஸ்ட் 9 சாயங்காலம், கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துல ஸ்பியர் முனையிலிருந்து ஹில் தன் கையாலேயே வீசிவிட்டார். விமானத்துக்குப் பேர் 'ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்', அவங்க சோதனை பண்ணின பண்ணையோட பேர். கீழேயிருந்து ஒருத்தர் உயரத்துக்கு ஏத்திட்டு, ஜிபிஎஸ் ஆட்டோபைலட்கிட்ட ஒப்படைச்சார். அதுக்கப்புறம் சாட்டிலைட் வழியா அப்பப்போ வர்ற தகவல் மட்டும்தான். நடுவுல சில மணி நேரம் அதுவும் வரலை. கரையில இருந்தவங்க பாடு எப்படி இருந்திருக்கும்!

"ஆட்டோபைலட் ஓட்டினா அது எப்படிங்க ரேடியோ கன்ட்ரோல்?"னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏத்தினதும் இறக்கினதும் கையால, நடுவுல இருந்த 3,000 கிலோமீட்டர் கம்ப்யூட்டரால. இன்னிக்கு ட்ரோன்னு சொல்லுவோம். ஆனா அஞ்சு கிலோவுக்குள்ள அந்த எஞ்சினையும் எரிபொருளையும் அடக்கினதைப் பார்த்தா, எனக்கு அது மாடல்காரன் வேலைதான்.

இறங்க வேண்டிய இடம் அயர்லாந்துல கிளிஃப்டன் ஊருக்குப் பக்கத்துல மானின் கடற்கரை. 1919ல ஆல்காக்கும் பிரவுனும் முதன்முதலா நிக்காம அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து சதுப்புல குத்தி நின்னது அதே வட்டாரம். இங்கே டிரான்ஸ்மிட்டரோட காத்திருந்தவர் பேரும் பிரவுன்தான், டேவ் பிரவுன்! ஆகஸ்ட் 11 மதியம் வானத்துல புள்ளி தெரிஞ்சதும் கன்ட்ரோலைக் கையில வாங்கி, கண்ணால பார்த்தே இறக்கினார்.

38 மணி 52 நிமிஷம், 3,028 கிலோமீட்டர். ஹில் அந்த நேரம் சமுத்திரத்துக்கு இந்தப் பக்கம், கனடாவுல. டேங்க்ல மிஞ்சியிருந்தது ரெண்டு அவுன்ஸுக்கும் குறைவு.